நடவு நேரத்துப் பால்வாடி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியை விடும் காப்பகத்தில் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, மிஸ் மட்டும் யாரும் நிலைப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கட்டணமே கிடையாது. ஆளும் கிடையாது.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது. எங்கள் ஊர்ப் பால்வாடி டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு. காலையில் வருகைப் பதிவை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் அங்கே போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் ஆயா ஒருவர்தான். போன வாரம் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, இடுப்பில் ஒரு பிள்ளை அழுகிறது, வாசல் கதவைக் காலால் அணைத்துப் பிடித்தபடி முட்டை உரித்துக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டிப் பத்தடியில் வாய்க்கால். தண்ணீர் ஓடும் மாதங்களில் இரண்டு ஆள் இல்லாமல் எப்படி?

எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவு தொடங்கிய காலத்தில் சேர்ந்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். காலியான இடங்கள் உடனே நிரம்புவதில்லை. மத்திய அரசு 2018ல் டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250 என்று மதிப்பூதியம் வைத்தது. அதிலும் டெல்லியின் பங்கு நூற்றுக்கு அறுபதுதான். மாநில அரசு மேலே போட்டுக் கொடுப்பதால் இங்கே ஏதோ ஓடுகிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022ல் உச்ச நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. இதற்கு நடுவில் எடை, உயரம், யார் சத்துமாவு வாங்கினார்கள், எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காமல் டீச்சர் மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் சம்பளத்தைவிட என்னை உறுத்துவது நேரம். நடவுக்காரர்கள் ஆறரைக்கெல்லாம் சேற்றில் இறங்கிவிடுகிறார்கள். மையம் திறக்க ஒன்பதாகிறது. முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிகளும் இப்போது நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். உன் மகள் கம்பெனி மாதிரி இடங்களுக்கு அது சரி. இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு இன்னொருவர் வயல் என்று போகிற பத்துப் பெண்களுக்கு யார் முதலாளி?

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் வருடச் சட்டத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும். நடவு மாதங்களுக்கு மட்டும் அதேபோல் ஓர் ஆளைப் பால்வாடிக்குக் கொடுத்தால் என்ன? கட்டிடம் இருக்கிறது, பாய் இருக்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வரை கதவருகே உட்கார ஒருவர் போதும்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். குறுவை நடவு அதற்குள் முடிந்துவிடும், தெரியும். சம்பாவுக்காவது ஆகட்டும். உன் வீட்டுக்காரர் பஞ்சாயத்து யூனியனில் இருந்தவர்தானே, எந்த நிதியைச் சொல்லிக் கேட்டால் தட்டிக் கழிக்க மாட்டார்கள் என்று விசாரித்து எழுது. அப்புறம், பேத்தி இப்போது சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உன்,
ராஜி