அனுபவம் இருக்கிறது, ஆதாரம் எங்கே? நர்ஸ் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

டிப்ளமோ முடித்த நர்ஸ்கள் பட்டம் வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்ததிலிருந்து "இந்த வயசுல புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருது" என்கிறீர்கள். நைட் டியூட்டி முடித்து வந்து படித்தால் இருபது வயதுப் பிள்ளைக்கும் வரும். அதை விடுங்கள். அந்த அசைன்மென்ட்டுக்கு வருகிறேன்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், என் அனுபவத்தில் இதுவே சிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் சிவப்பு மையில் "ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குக் கோபம். வார்டில் நீங்கள் சொன்னால் ஜூனியர்கள் மறுபேச்சில்லாமல் செய்வார்கள். தாளைத் திருத்துபவருக்கு உங்களைத் தெரியாதே!

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் தேடுங்கள், தேடக் காசு கிடையாது. நான்சி பெர்க்ஸ்ட்ராம் குழுவினரின் 2013 ஆய்வு ஒன்று வரும். அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 942 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் படுக்க வைத்தார்கள். மூன்று வாரம் பார்த்ததில் படுக்கைப் புண் வந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

"அப்போ நான் செஞ்சதெல்லாம் வீணா?" என்று பதறாதீர்கள். முடிவை ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்ற பகுதிக்குப் போங்கள். எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். உங்கள் வார்டில் ரெக்ஸின் கிழிந்து நடுவில் பள்ளம் விழுந்த மெத்தைகள் எத்தனை? நைட்டில் ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பெட்? பிளஸ் டூ முடித்து நேராக வந்த பிள்ளைக்கு இதெல்லாம் தோன்றாது. ஆய்வு என்ன சொல்கிறது, யார் எழுதியது, எந்த வருடம் என்று முதலில் எழுதுங்கள். அடுத்து அந்த இடத்துக்கும் உங்கள் வார்டுக்கும் உள்ள வேறுபாடு. உங்கள் முடிவு அதற்கப்புறம் வரட்டும். அப்போது அனுபவத்துக்கும் மார்க் விழும்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், முடிவு, பிறகு செய்முறை. வரிகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். மூடிவைத்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

தேர்வுக்கும் இதே வழிதான். மஞ்சள் மார்க்கர் எனக்குப் பிடிக்காது, படித்த திருப்தி மட்டும் தரும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்தினார்கள். டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் பெட் வாரியாக ஹேண்டோவர் கொடுப்பவருக்கு இது புதிதா என்ன?

வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் விசில் எண்ணத்தான் சரியாக இருக்கும். ஆஃப் நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. புள்ளியியலை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். அந்தப் பாடம் வரும்போது உட்கார்ந்து பேசுவோம், சாப்பாடு உங்கள் வீட்டில்.

அன்புடன்,
தம்பி