செயலாளரின் ஆண்டறிக்கை: பெட்டிகள் நூலகம் சேர்ந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மழையால் தள்ளிப்போன சிறுகதைப் பட்டறையும் பின்னர் நடந்தேறியது. கணக்கைப் பொருளாளர் படிப்பார். இவ்வாண்டின் உழைப்பெல்லாம் மறைந்த நம் மூத்த எழுத்தாளரின் பெட்டிகளுக்கே போயிற்று. அறிக்கையும் அதைச் சுற்றியே வருகிறது, பொறுத்தருள்க.

பட்டர்வொர்த் வீட்டை விற்குமுன் அவருடைய மகள் நம்மை அழைத்தார். கையெழுத்துப் பிரதிகள், கடிதக் கட்டுகள், தமிழ்த் தட்டச்சுப்பொறி, எழுத்தாளருடைய தாயாரின் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி எனப் பலவும் அங்கே இருந்தன. ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாராக, அதாவது எழுத்தராக, இருந்தவர் அல்லவா, பல கதைகளைப் பழைய செக்ரோல் எனும் கூலிப் பதிவேட்டுத் தாள்களின் பின்புறத்தில்தான் எழுதியிருக்கிறார். முன்புறத்தில் ஆள்பேரும் நாள்கூலியும்! இரண்டு பக்கங்களையும் மின்வருட வேண்டும் என்று நூலகத்தாரிடம் வற்புறுத்தினோம். ‘தமிழ் நேசன்’ நறுக்குகளும் நிறைய. 1924இல் தொடங்கிய அந்த நாளேடு 2019இல் நின்றுவிட்டதால் அவற்றின் மதிப்பு கூடியிருக்கிறது.

எல்லாவற்றையும் நம் மண்டபத்துக் கண்ணாடி அலமாரியிலேயே வைக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். அவர்களுடைய பற்று புரிகிறது. ஆனால் பினாங்கில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாமோ கூட்டம் முடிந்ததும் மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிர்சாதனத்தை அணைத்துவிடுகிறோம். அந்த ஏற்ற இறக்கத்தில் தாள் சுருங்கி விரிந்து நைந்துபோகும். இரவும் பகலும் ஒரே குளிரில் வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைப்பது எனப் பெரும்பான்மை முடிவானது.

துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் நம் தொண்டர்கள் எடுத்தார்கள். பழுப்பேறிய ஒட்டுநாடாவைத் தொடவில்லை. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. லாமினேட் செய்வதாக முன்வந்த அச்சகத்துக்கு நன்றி சொல்லி மறுத்தோம். தேதிவாரியாக அடுக்கித் தருவதாக ஆர்வத்தோடு வந்த உறுப்பினரையும் அன்போடு தடுக்க வேண்டியதாயிற்று. எந்தக் கடிதத்தை எந்தக் கதையோடு சேர்த்து எழுத்தாளர் கட்டிவைத்தார் என்பதே ஆய்வாளருக்கு ஒரு சேதி.

நூலகத்தார் முதலில் தாள்களை மட்டுமே கேட்டார்கள். பொருள்கள் அருங்காட்சியகத்துக்கு உரியவை என்றார்கள். தட்டச்சுப்பொறியில் ‘ற’ தேய்ந்து மங்கலாக விழும். தேதியோ பெயரோ இல்லாத தட்டச்சுப் பிரதிகளை அவருடையவை என்று அடையாளம் காட்ட அதுவே சான்று. அதை நேரில் தட்டிக் காட்டிய பிறகு இசைந்தார்கள். கத்தியும் அதே பட்டியலில் இடம்பெற்றது.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கடிதம் யாரிடம் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கே. நம் மலேசிய நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை அது குடும்பத்தாருக்குத் தொடரும். எனவே பிறர் நம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்களை இணையத்தில் ஏற்ற அந்தந்தக் குடும்பத்தின் இசைவு தேவை. உங்கள் தந்தையோ தாத்தாவோ அவருக்கு எழுதியிருந்தால் வாசலில் உள்ள படிவத்தில் கையொப்பமிடுங்கள். அவர் எழுதிய கடிதங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் உறையோடு கொண்டுவாருங்கள். அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும்.

பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்பியாக வேண்டும். இவ்வறிக்கையில் திருத்தம் இருப்பின் இன்றே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்