பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்: அந்தப் பாடத்தை நடத்துங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் பள்ளியில் நடந்த பரிணாம விவாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பரிணாமத்தின் பக்கம் நின்று பேசிய என் பேத்தி, நடுவர் கேட்ட ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள், பரிணாமம் தோற்றது என்று தீர்ப்பாயிற்று. நீங்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தீர்கள், அதனால் மேடையில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நடுவர் "மண்ணைக் காட்டி எதை நிரூபிக்கப் போறே?" என்று மேசையோரம் தள்ளி வைத்தாரே ஒரு ஊறுகாய்ப் பாட்டில், அதில் இருந்த மணலை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நானும் என் பேத்தியும் சேர்ந்து அள்ளினோம். அன்று சாயங்காலம் வந்தவள் யூனிபார்ம் மாற்றவில்லை, சாயா குடிக்கவில்லை. நேராகத் தென்னை மூட்டுக்குப் போய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஈர மணல், பாதி அடியிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு ஈர்க்கிலை ஒடித்து, சுரண்டிச் சுரண்டி அத்தனையையும் கொட்டினாள். பிறகுதான் கேட்டாள்: "பாட்டா, தெரியாதுன்னு சொன்னது தப்பா?"

"தப்பில்ல மக்ளே" என்றேன். நான் சொல்லி அவள் மனம் ஆறவில்லை. நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

அந்த மணலில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம், கொஞ்சம் யுரேனியம் என்ற கதிரியக்கத் தனிமங்கள் உண்டு. இரண்டும் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகின்றன. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த மணல்மணி எப்போது உருவானது என்று கணக்கிடலாம். நம் பக்கத்துப் பாறைகளில் உள்ள மோனசைட்டுக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு. பரிணாமம் நடக்க நேரம் ஏது என்று எதிரணி கேட்டால் காட்டுவதற்காகவே அவள் அதைக் கொண்டுவந்தாள்.

அடுத்ததாக ஊதாத் தவளையைப் பற்றிப் பேச இருந்தாள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், இடுக்கிப் பக்கத்திலிருந்து 2003இல் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழைக்கு வெளியே வரும் உயிர். அதற்கு மிக நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. உப்புத்தண்ணீர் ஆகாத தவளை இந்தியப் பெருங்கடலை எப்படித் தாண்டியது? தாண்டவே இல்லை. இரண்டு நிலங்களும் ஒன்றாக இருந்து சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நிலத்தின் கதையும் தவளையின் கதையும் தனித்தனியாகத் தேடியவர்களுக்கு ஒன்றாகவே கிடைத்தன. சாட்சி என்பது இதுதான்.

இதற்குள் போகவிடாமல் நடுவர் கேட்டார்: "ஒன்று உண்மையாகவும் அதே நேரம் பொய்யாகவும் இருக்க முடியாது என்ற விதி எந்தக் குரங்கிடமிருந்து வந்தது?" பிள்ளை "தெரியாது சார்" என்றாள். அரங்கம் சிரித்தது. பரிணாமம் தோற்றது என்று தீர்ப்பு எழுதினார்.

ஐயா, அது நல்ல கேள்விதான். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பேசப்படுவது. தர்க்க விதிகள் உலகின் இயல்பிலேயே உள்ளவை என்பார்கள், மனிதர் பேச்சுக்கு வகுத்துக்கொண்டவை என்பார்கள், இறைவன் அறிவில் உள்ளவை என்பார்கள். மூன்றில் எது சரியானாலும் தவளையின் உறவு மாறாது. கண் உருவாகும் முன்பே வெளிச்சம் இருந்தது. கண் பரிணாமத்தில் வந்தது என்றால் வெளிச்சமும் அதில் வந்தது என்று பொருளில்லை. விதியைப் புரிந்துகொள்ளும் மூளை எப்படி வந்தது என்பது வேறு கேள்வி, விதி ஏன் உண்மை என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் வைத்தது நியாயமில்லை.

பிழைத்திருப்பதற்காக வந்த மூளையை எப்படி நம்புவது என்றும் கேட்டார். தண்ணீரில் விட்ட துடுப்பு வளைந்துதான் தெரியும். குளச்சல் மீனவர் யாரும் அதை ஒடிந்த துடுப்பென்று வீசுவதில்லை, கைவைத்துப் பார்க்கிறார்கள். அறிவியலும் ஒரு மூளையை நம்பி நிற்பதில்லை. அளப்பார்கள், இன்னொருவர் திரும்ப அளப்பார்.

"குரங்கு மனுசனானதை யார் பார்த்தது?" என்று கேட்பவர்களுக்கு நம் மணிமேகலையிலேயே விடை இருக்கிறது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்த்ததுபோல. பக்கம் (சொல்லவரும் முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று மணிமேகலையின் பௌத்த குரு அறவண அடிகள் அதை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறார். பார்க்காததைத் தடயத்தால் அறிவது தமிழருக்குப் புதிதா?

விவாதத்தில் தோற்பதைக்கூடப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். அடுத்த வாரமே 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடத்தை "நீங்களே வாசிச்சுக்கோங்க" என்று விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாடத்தை நடத்துங்கள். 2023இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது, அச்சாகிப் பிள்ளைகள் பைக்குள் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே ஒரு பாடத்தைத் தாண்டிப் போவதற்கு யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம்? விசுவாசம் போய்விடும் என்றா? பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்று 1996இல் சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால். நானும் முப்பது வருடம் இதே பாடத்தை நடத்தியவன். சாமி கும்பிடும் பிள்ளைகளே என்னிடம் படித்தார்கள், படித்த பிறகும் கும்பிட்டார்கள்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியமல்ல. உயிரியல் ஆசிரியையைக் கொண்டே அந்தப் பாடத்தை முழுதாக நடத்துங்கள். பிள்ளைகள் எதிர்க்கேள்வி கேட்கட்டும், நடுவரின் கேள்வியையும் கேட்கட்டும். பிரேயரில் ஒரு நிமிடம் ஒதுக்கி, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிள்ளை தப்பு செய்யவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

தென்னை மூட்டில் கொட்டிய மணலைத் திரும்பப் பொறுக்க முடியவில்லை. போன சனிக்கிழமை மறுபடி மணவாளக்குறிச்சிக்குப் போய் அள்ளி வந்தேன். பாடம் நடக்கும் நாளைச் சொல்லியனுப்பினால் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டா