அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: பகல்நேர அறுவை சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகள், மாநிலத்தின் நலவாழ்வுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காலையில் சேர்த்துக்கொண்டு, நண்பகலுக்குள் அறுவையை முடித்து, அன்று மாலையே நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் முறை எதற்காக வந்தது என்பதை நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படுக்கைக்குக் காத்திருப்போர் குறைகிறார்கள், மருத்துவமனையில் தொற்றும் கிருமிகளிடமிருந்து நோயாளி தப்புகிறார், செலவும் குறைகிறது. இவற்றையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். சென்ற மாதம் தொப்புள் குடலிறக்கத்துக்காக அவ்வாறே அறுவை செய்துகொண்டு, காலை ஏழு மணிக்கு உள்ளே போய் மாலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்தவள் நான். எனக்கு அறுவை செய்த மருத்துவரின் கை மிக நல்ல கை. தையலில் ஒரு குறையும் இல்லை. அந்த மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எல்லா இடங்களிலும் நடக்கின்ற ஒன்று ஏதோ ஓர் இடத்தின் குறையாகச் சுருங்கிவிடும்.

எனக்கு வயது 61. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் பெங்களூரில் எட்டு மாதக் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில், என் கணவர் கட்டிய வீட்டில், நான் தனியாக வாழ்கிறேன். என்னைப் போலத் தனியாக வாழ்கிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். மயக்க மருந்து பெற்றவரோடு அடுத்த 24 மணி நேரமும் பொறுப்புள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்கான கையொப்பத்தை உடன் வந்திருப்பவர் இட வேண்டும். என்னோடு வந்திருந்தவர் பக்கத்து வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் தங்கை. கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிவிட்டு வரும் இரு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, எனக்காக நாள் முழுவதும் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். "டீச்சர், நான் போட்டுடறேன்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார். இரவு அவரால் என்னோடு தங்க முடியுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கையொப்பம் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. எட்டு மணிக்கு எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் தம் பிள்ளைகளிடம் போனார். அதன் பிறகு விடியும்வரை அந்த வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான் இருந்தோம்.

என் கையில் கொடுத்தனுப்பிய அறிக்கையில், ஆறு வாரங்களுக்குக் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே கோடும் இழுத்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும், படித்துக்கொண்டேன். தெரியாதவர்களின் நிலையைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். எங்கள் பகுதியில் குடிநீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். குழாய் வாசலில் இருக்கிறது. அடுப்படி வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும். நிறைந்த குடத்தின் எடை 15 கிலோவுக்குக் குறையாது.

அறுவையின் மூன்றாம் நாள் விடியற்காலை அந்தக் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டு விழித்தேன். மாவுக்கடைத் தங்கை முந்தின நாள் இரவே ஒரு துக்க வீட்டுக்காகத் தம் ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? தண்ணீரை விட்டால் இன்னும் இரண்டு நாளுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, குடத்தைக் குழாயடியில் வைத்து, கால் குடம் நிறைந்ததும் செம்பால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றி, அந்த வாளியைத் தரையோடு தள்ளிக்கொண்டே அடுப்படிவரை போனேன். ஆறு முறை போய் வந்தேன். ஏழாவது முறை வாளி நிலைப்படியில் தட்டி நின்றது. ஒரே ஒரு கணம், பழக்கத்தில் கையில் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். தையல் போட்ட இடத்தில் சுருக்கென்று ஒரு வலி. புடவையை விலக்கிப் பார்த்தபோது கட்டின் மேல் ஐம்பது காசு அளவுக்குச் சிவப்பு ஊறியிருந்தது.

அறிக்கையில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் இரவுக் காவலர். மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "பத்து மணிக்கு மேல வாங்கம்மா, டாக்டர் வந்துடுவாங்க" என்றார். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வயிறு தைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கேள்விக்கு விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஒரு காவலரின் தலையில் வைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

அன்று பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர்தான் எனக்கு மாதந்தோறும் மாத்திரை கொண்டுவந்து தருகிறார். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது, அந்தச் செய்தியைத் தெருவில் உள்ளவர்களுக்கு நான் படித்துக் காட்டினேன். இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வரும் என்பதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் என் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். 160க்கு 100 இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றுக் கட்டைப் பார்த்தார், திடுக்கிட்டுப் போனார்.

"டீச்சரம்மா, உங்க பேரு என் நோட்டுல சுகர், பிரஷர்னுதான் இருக்கு. ஆபரேஷன் ஆனது எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மடலை எழுதுகிறேன். அவருக்கு எப்படித் தெரியும்? யார் தெரிவித்தார்கள்? மருத்துவமனையில் என் பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் எண் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதி வாங்கினார்கள். அவற்றில் ஒரு வரிகூட, என் வாசலுக்கு மாதந்தோறும் வருகின்ற அந்த ஒருவரைச் சென்றடையவில்லை. அவர் குழாயடியில் மீதமிருந்த இரண்டு குடங்களை, யாரும் சொல்லாமலே, இடுப்பில் ஏற்றி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஆட்டோ வரவழைத்து என்னை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அவை இரண்டும் அவருடைய வேலைப் பட்டியலில் இல்லாதவை.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அறுவை முடிந்து அன்றே வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரின் பெயர், அவர் வீடு போய்ச் சேர்வதற்குள், அவருடைய பகுதிச் செவிலியரின் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். மறுநாள் ஒருவர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும். தனியாக வாழ்கிறவர் என்றால், குறைந்தது ஒரு வாரத்துக்கு, தண்ணீர் எடுத்துத் தரவும் ஒரு வேளை சமைத்துக் கொடுக்கவும் ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அன்றே வீட்டுக்கு அனுப்பும் முறைக்கு வழிகாட்டியவர் என்று மருத்துவ உலகம் போற்றுகின்ற ஜேம்ஸ் நிகோல், கிளாஸ்கோ நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனையில் பத்தாண்டுகளில் 8,988 அறுவைகளைச் செய்து, அந்த அனுபவத்தை 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் முன் வைத்தார். அவர் குழந்தைகளைத் தாயின் மடியில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் செவிலியர்கள் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். வீட்டுச் சூழல் இடங்கொடுக்க வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தியிருந்தார். அந்த முறையில் மருத்துவமனைக்குச் செலவைக் குறைக்கும் பாதியை நாம் எடுத்துக்கொண்டோம். நோயாளியைக் காக்கும் பாதியை விட்டுவிட்டோம்.

சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய மாநிலம் இது. முதல் இரண்டு நாள் எவ்வளவு முக்கியமானவை என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியும். சிறுநீர் பிரியாமல் தவிப்பது, கட்டு நனைவது, வாந்தி நிற்காதது ஆகிய தொல்லைகள் அறுவைக்குப் பின் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு நாளில்தான். அந்த நாட்களில்தான் நாங்கள் யாருடைய கணக்கிலும் இல்லாமல் இருக்கிறோம்.

பணம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். வீட்டுக்குப் பணிப்பெண் அனுப்பும் நிலையங்கள் மூன்றுக்கு நான் அழைத்தேன். பத்து நாளுக்கெல்லாம் ஆள் அனுப்ப மாட்டோம், குறைந்தது ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று மூன்று இடத்திலும் சொன்னார்கள். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கே அது முடியவில்லை என்றால், கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எப்படி முடியும்? என் காப்பீட்டு ஆவணத்தை வரி வரியாகப் படித்தேன். 24 மணி நேரம் தங்காமலே செய்யப்படும் அறுவைக்கும் பணம் உண்டு, வீடு திரும்பிய பின் 60 நாட்களுக்கு மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் உண்டு. குடம் தூக்கித் தரும் கைக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, நாற்பது நாள் தரையில் கால் பாவாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அறுபது வயதில் வயிறு கீறப்பட்டவளுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆணுக்கு அறுவை என்றால் மனைவி இருக்கிறாள், மகள் வருவாள், மருமகள் விடுப்பு எடுப்பாள். வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொண்ட பெண் படுத்துவிட்டால், மூன்றாம் நாளே அவள் அடுப்படியில் நிற்கிறாள். 'வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்' என்று தாங்கள் எழுதும்போது, அந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்திருந்தால், அங்கே சம்பளமும் விடுப்பும் இல்லாத ஒரு பெண் நிற்பது தெரிந்திருக்கும். அவளும் இல்லாத வீடுகள் இன்று பெருகிவருவதும் தெரிந்திருக்கும்.

கோபத்தில் சற்று நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் பணிச்சுமையையும் செவிலியர் பற்றாக்குறையையும் நான் அறியாதவள் அல்லேன். ஆனாலும் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே 'வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரும் இல்லை என்று சொல்பவரை ஓர் இரவேனும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். இரவிலும் ஒரு செவிலியர் எடுக்கும் எண்ணை அதில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பெயரை அன்றே அவருடைய தெருவுக்கு வரும் பணியாளரின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் ஒருவர் அவர் வாசலுக்கு வரட்டும்.

எங்கள் தெருவில் நான்காவது வீட்டு அக்காவுக்கு வருகிற வாரம் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அவரையும் அன்று மாலையே அனுப்பிவிடுவார்களாம். சொட்டு மருந்து விட ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் நான் போவேன், அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு இது நான்காவது வாரம். அவர் வீட்டுக் குடத்தை என்னால் தூக்க முடியாது. அவர் பெயரையாவது இப்போதே அந்தப் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்