பத்து நிமிட வீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற கிழமை வந்த உங்கள் கோடைச் சிறப்பிதழில், காம்பிங் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பொப்-அப் ட்ரெயிலர் ஒன்று இருந்தால் எந்தக் காரிலும் இழுத்துச் செல்லலாம், பத்து நிமிடத்தில் வீடு தயார்." பொப்-அப் என்பது கூரையை உயர்த்தி, கட்டில்களை வெளியே இழுத்து விரிக்கும் கன்வஸ் சுவர் ட்ரெயிலர். எழுதியவர் கடை முற்றத்தில் விரித்து வைத்திருந்த ட்ரெயிலரைப் பார்த்திருப்பார் போலும். அங்கே எல்லாம் தயாராகத்தான் இருக்கும்.

நடுத்தரமான பொப்-அப் ஒன்றின் வெற்று எடை 900 கிலோ என்று வையுங்கள். நிரம்பிய 20 இறாத்தல் புறொப்பேன் சிலிண்டர் 17 கிலோ. பற்றரி 25 கிலோ. தாங்கியில் 75 லீற்றர் தண்ணீர் விட்டால் இன்னொரு 75 கிலோ. அதன்மேல் படுக்கை விரிப்புகள், கூலர், அரிசி மூட்டை, ஆட்டிறைச்சிக் கறிக்கென்றே கொண்டுபோகும் பெரிய சட்டி. 1,150 கிலோவைத் தாண்டுவது தெரியாமலே தாண்டிவிடும். சிறிய கார்கள் பலவற்றின் கையேட்டில் இழுவை எல்லை 450 முதல் 680 கிலோ வரைதான். சிலவற்றில் இழுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. மொத்த எடையில் 10 முதல் 15 வீதம், காரின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் ஹிச் குண்டின்மேல் இறங்கவேண்டும். கூலரையும் சட்டியையும் அச்சுக்குப் பின்னால் அடுக்கி அந்தப் பாரத்தைக் குறைத்தால், நெடுஞ்சாலை 400இல் லொறி ஒன்று முந்தும்போது ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். எடை 1,360 கிலோவை எட்டினால் ஒன்ராறியோச் சட்டப்படி ட்ரெயிலருக்கே பிறேக் வேண்டும். கார் மின்சாரத்தை ட்ரெயிலருக்குக் கொடுக்கும் நாலு முனைத் தட்டைச் செருகியில் பிறேக்குக்கு வயரே கிடையாது. ஏழு முனைச் செருகியும், காருக்குள் பிறேக் கொன்ட்றோலரும் பூட்டவேண்டும். "எந்தக் காரும்" என்றால் இவ்வளவும் அடங்கும்.

இனி அந்தப் பத்து நிமிடம். காரில் மாட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கத்துச் சில்லைப் பலகையில் ஏற்றி இடம்-வலம் மட்டம் பார்க்கவேண்டும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஹிச்சைக் கழற்றுவது. மாறிச் செய்தால் ட்ரெயிலர் வாவியை நோக்கி உருளும். முன் ஜக்கால் முன்-பின் மட்டம் பார்த்துவிட்டு நான்கு மூலை ஜக்குகளையும் இறக்கவேண்டும். அவை ஆடாமல் பிடிக்க இருப்பவை, தூக்க அல்ல. உங்கள் கட்டுரையின் படத்தில் ஒரு சில்லு தரையைவிட்டு நாலு விரற்கடை மேலே நிற்கிறதே, பார்த்தீர்களா? அப்படித் தூக்கினால் சட்டகம் முறுகும், கதவு பொருந்தாது, கூரையை உயர்த்தும் தூண்கள் இறுகிக்கொள்ளும். அந்தப் படத்துக்குக் கீழே "சரியாக நிறுத்தப்பட்ட ட்ரெயிலர்" என்று வேறு போட்டிருந்தீர்கள்.

கூரை உயர்வது ஒரு வின்ச்சாலும் (கேபிளைச் சுற்றும் கைச்சுழலி) கப்பிகளில் ஓடும் கேபிளாலும். கைப்பிடிக்குப் பதிலாக ட்ரில்லைப் பூட்டினால் விரைவு என்கிறது கட்டுரை. பல ட்ரெயிலர்களில் கூரையிலிருந்து பெட்டிக்கு ஒரு மெல்லிய கம்பி தொங்கும். அது விறைத்தவுடன் சுற்றுவதை நிறுத்தவேண்டும். சுற்றுகிற கைக்கு அந்த இறுக்கம் தெரியும், ட்ரில்லுக்குத் தெரியாது. கேபிள் அறுந்தால் அந்தப் பயணம் அத்தோடு சரி. அதற்குப் பிறகுதான் கட்டில்களை வெளியே இழுப்பது. முட்டுக்கம்பிகள் இரண்டும் உட்காருமுன் பிள்ளைகளை மேலே ஏறவிடக்கூடாது. பழகிய இருவருக்கே இதெல்லாம் அரை மணித்தியாலம். பதினைந்து கோடைகளாகச் செய்கிறேன், எனக்கு இன்னும் பத்து நிமிடத்தில் முடிந்ததில்லை. என் குறைதான் போலும்.

மடிப்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. கூரையை இறக்கும்போது ஒரு ஜன்னல் சிப்பையாவது திறந்துவிடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று கன்வஸை வெளியே பிதுக்கும், கூரை விளிம்பு அதை நசுக்கிக் கிழிக்கும். மழையில் மடித்திருந்தால் வீட்டுக்கு வந்து ஓரிரு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவிடாதவருக்குப் பூஞ்சணம் நிச்சயம். அதைப் பிளீச் போட்டுக் கழுவினால் தையல்நூலும் சேர்ந்து போகும்.

சொல்லத் தொடங்கியபடியால் பழையதையும் சொல்கிறேன். முந்தைய கோடை இதழில், வீட்டு முற்றத்தில் வெட்டிய விறகைக் கொண்டுபோய்ச் செலவைக் குறைக்கச் சொன்னீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகதத் துளைப்பான் வண்டு 2002இல் ஒன்ராறியோவின் வின்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தூர இடங்களுக்குப் போவது இப்படி விறகோடுதான். அதற்கு முந்தைய இதழில், வெள்ளிக்கிழமை பின்னேரம் அல்கொங்குவின் மாகாணப் பூங்காவுக்குப் போனால் ட்ரெயிலர் நிறுத்த ஒரு தளம் கிடைக்கும் என்றீர்கள். யூலை மாதத்திலா? மாகாணப் பூங்காக்களின் முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன் காலை 7 மணிக்குத் திறக்கும், நெடுஞ்சாலை 60 ஓரத்து மின்வசதித் தளங்கள் 7:05க்குள் போய்விடும். கருவாட்டுப் பொதியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கலாம் என்றும் அதே கட்டுரை சொன்னது. அந்தக் கட்டிலைச் சுற்றி இருப்பது கன்வஸ் துணி, கரடிக்கு அது ஒரு தடையே அல்ல. உணவெல்லாம் பூட்டிய காருக்குள் இருக்கவேண்டும்.

உங்கள் வரி விளம்பரங்களிலும் "ரயர் புதிதுபோல் உள்ளது" என்று பழைய ட்ரெயிலர்கள் கிழமைக்குக் கிழமை வருகின்றன. ரயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் 2314 என்றிருந்தால் அது 2014இன் 23ஆம் கிழமையில் செய்தது. எவ்வளவு பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) இருந்தாலும் அதில் ஏறிப் போகக்கூடாது. இதை எழுதி முன்பு ஒரு கடிதம் அனுப்பினேன். வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் ரயர் பந்தியை எடுத்துவிட்டு, "சில்லு" என்று எழுதியதைச் "சக்கரம்" என்று திருத்தியிருந்தீர்கள்.

கேட்பது அதிகமில்லை. வரும் இதழில் இரண்டே வரித் திருத்தம்: வாங்குமுன் காரின் இழுவை எல்லையையும் ட்ரெயிலரின் மொத்த எடைத் தகட்டையும் வாசிக்கவேண்டும், மூலை ஜக்கால் தூக்கக்கூடாது. கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் போதும். சில்லைச் சில்லென்றே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்க்கம்