தங்கச்சி எண்டு சொல்லியிருக்கக் கூடாது

நல்லூர்
ஐப்பசி

அன்பு மச்சான்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. இஞ்ச மாரி துவங்கீட்டுது, ஒழுங்கையெல்லாம் வெள்ளம். வீட்டில எல்லாரும் சுகம். அக்காவின்ரை கால்நோ இப்ப எப்பிடி எண்டு மறக்காமல் எழுது.

'ஹாலோவீன்' எண்ட திகில் படத்தின்ரை இரண்டாம் பாகம் முதல் படத்துக்குச் சமன் எண்டு எழுதியிருக்கிறாய். அதை என்னால ஒத்துக்கொள்ள ஏலாது. இரத்தம் கூடிப்போச்சு எண்டுதான் கனபேர் அந்தப் படத்தைக் குறை சொல்லுறவை. அதுவும் உண்மைதான், ஆனால் படம் விழுந்தது அதால இல்லை. முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் துரத்துற பெட்டை லோறியை, அவன்ரை தங்கச்சி ஆக்கினதாலதான் விழுந்தது.

1978 படத்தில அவன் ஏன் லோறிக்குப் பின்னால திரியிறான் எண்டு யோசிச்சுப் பார். அவளின்ரை தேப்பன் வீடு விக்கிற தரகர். பூட்டிக் கிடக்கிற மைக்கேலின்ரை பழைய வீட்டுக் கால்மிதிக்குக் கீழ திறப்பை வைச்சிட்டுப் போ எண்டு மகளிட்டைச் சொல்லிவிடுறார். அவள் குனிஞ்சு வைக்கிறாள். கதவுக்கு உள்ளுக்கு நிண்டு அவன் பாக்கிறான். வேற ஒரு பெட்டை அந்தத் திறப்பைக் கொண்டு போயிருந்தால் அவளுக்குப் பின்னால போயிருப்பான். எங்கட பனங்காணி முனியும் அப்பிடித்தானே. உச்சி மத்தியானத்தில அந்தப் பக்கம் போனவனை அடிக்கும்; நீ ஆற்றை பிள்ளை எண்டு விசாரிக்காது. முகமூடி போட்டு நடிச்ச நிக் காஸிலின்ரை பேருக்கு நேரே பாத்திரத்தின்ரை பேராய் 'உருவம்' எண்டுதான் போட்டவை.

1981 படத்தில, காரில போகேக்க ஒரு நேர்ஸ், மைக்கேலுக்கு வைத்தியம் பாத்த டொக்ரர் லூமிஸிட்டைச் சொல்லுறா: ஒரு கோவையை மூடி வைச்சிருந்தவை, லோறி அவன்ரை தங்கச்சி, தாய் தேப்பன் செத்த பிறகு வேற குடும்பம் எடுத்து வளர்த்தது எண்டு. பிழை இதோட நிக்கேல்லை. இந்த ஒரு வசனம் படத்தில மிச்சம் இருக்கிற கொலை எல்லாத்தின்ரையும் அர்த்தத்தைக் கெடுக்குது. அவனுக்கு வேண்டியவள் மயக்க மருந்து குடுத்தபடி ஒரு ஆஸ்பத்திரி அறையில கிடக்கிறாள். அப்ப ஏன் வெந்நீர்த் தொட்டியின்ரை சூட்டைத் திருகிக் கூட்டிப்போட்டு, ஒரு நேர்ஸின்ரை முகத்தை அதுக்குள்ள அமத்திக்கொண்டு நிக்கிறான்? பெரிய நேர்ஸைக் கட்டிவைச்சு, குழாய் வழியாய் இரத்தம் முழுக்க நிலத்தில வடிய விட்டிருக்கிறான். வளர்ந்த ஆளுக்கு 5 லீற்றர் அளவில இரத்தம் இருக்கும். மெல்லிய குழாயால அது வடிய எவ்வளவு நேரம் எடுக்கும்? காரணம் இல்லாதவன் அப்பிடிச் செய்தால் பயமாய் இருக்கும். காரணம் உள்ளவன் செய்யேக்க, படம் நேரத்தை இழுக்குது எண்டுதான் தெரியுது.

முதல் படத்தில பொப் எண்ட பெடியனைச் சுவரோட கத்தியால குத்தித் தொங்கவிட்டிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிச்சுப் பாக்கிறானே, நினைவிருக்கோ? இரத்தமே பெரிசாய்க் காட்டேல்லை. அந்தச் சரிப்பிலதான் வயிறு கலங்கும். இரண்டாவதில ஒரு நேர்ஸைச் சத்திரசிகிச்சைக் கத்தியால முதுகில குத்தி, ஒரு கையால நிலத்தில இருந்து தூக்கிறான். அந்தளவு மெல்லிய அலகு ஒரு ஆளின்ரை பாரத்தைத் தாங்காது, முறியும். பாக்கிற கண்ணுக்கு அது விளங்கிவிடும், பயமும் அந்த இடத்திலயே போயிடும்.

இயக்கின றிக் றோசென்தாலில மட்டும் பழி போடாதை. கதை எழுதினது ஜோன் கார்பென்ரரும் டெப்ரா ஹில்லும், முதல் படத்துக்கு எழுதின அதே இரண்டு பேர். வெட்டி ஒட்டின படத்தைப் பாத்திட்டு, பயம் காணாது எண்டு இரத்தக் காட்சியள் சிலதைக் கார்பென்ரரே பிறகு எடுத்துச் சேர்த்தவர். மெதுவாய் ஊர்ந்து போற படத்துக்கு இடையில திடீர் திடீரெண்டு அந்தத் துண்டுகள் வந்து விழுறது அதாலதான். ஒளிப்பதிவும் அதே டீன் கண்டி, அதில குறை இல்லை. முகமூடியும் பழையதுதான்: 2 டொலருக்கும் குறைவாய் வாங்கின, 'ஸ்டார் ட்ரெக்' கதையில வாற கப்டன் கேர்க்கின்ரை முகமூடி, கண்ணோட்டையைப் பெருப்பிச்சு, புருவத்தைப் பிடுங்கி, வெள்ளை பெயின்ற் அடிச்சது. மூண்டு வருசத்தில றப்பர் மஞ்சள் பாரிச்சிட்டுது. இரண்டாவதில அதைப் புதுசாய்ப் போட்டு நடிச்ச டிக் வோலொக்கின்ரை தலைக்கு அது அகலமாய் இழுபட்டு நிக்குது. வடிவாய்ப் பார், வேற ஆள் எண்டு உடனே தெரியும்.

ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொல்லவேணும். எங்கட பெரியாஸ்பத்திரியில இரவு இரண்டு மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். இரண்டாம் படத்து ஆஸ்பத்திரியில நோயாளியளையே காணேல்லை. குழந்தையள் அறையை ஒருக்காக் காட்டீனம், பிறகு அந்தக் குழந்தையளை ஆரும் நினைக்கிறேல்லை. முதல் படத்தில பக்கத்து வீட்டில வெளிச்சம் இருந்தது. லோறி கதவைத் தட்ட, உள்ளுக்கு இருந்த ஆக்கள் லைற்றை நூத்துப்போட்டுப் பேசாமல் இருந்தினம். சனம் இருந்தும் உதவி இல்லை எண்டதுதான் பயம். வெறும் நடையோடையில அது எங்கால வரும்?

ஒரு இடத்துக்கு மட்டும் நான் தலை வணங்குறன். கார் நிக்கிற வளவில லோறி நிலத்தில ஊர்ந்து போறாள், லூமிஸ் ஆக்கள் வந்து இறங்கீனம், அவளுக்குக் குரல் எழும்புதில்லை. அவை உள்ள போய்க் கதவு சாத்தின பிறகுதான் கத்த வருது. லோறியாய் நடிச்ச ஜேமி லீ கேர்ட்டிஸை அரைவாசிப் படம் கட்டிலில கிடத்தி வைச்சவை. எழுப்பி விட்ட உடனே என்ன செய்து காட்டுறா பார்!

தங்கச்சிக் கதையை முதல் படத்துக்குள்ளயும் புகுத்தினவை. 1981 இல அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் குடுக்கேக்க புதுக் காட்சியள் எடுத்து, மைக்கேலின்ரை அறைக் கதவில 'சகோதரி' எண்டு கீறிக் கிடக்கிறதாய்க் காட்டினவை. நீ பாத்தது அந்தப் பிரதியோ தெரியேல்லை, அப்பிடியெண்டால் தியேட்டருக்கு வந்ததைத் தேடி எடு. 2018 இல வந்த படத்தில அந்த உறவை ஊரார் கட்டின கதை எண்டு தள்ளிவிட்டினம், நல்ல வேலை.

முதல் படத்தைத் திரும்பப் பாக்கேக்க ரீவியின்ரை வெளிச்சத்தைக் குறைச்சு வை. கடைசிப் பக்கம், லோறி அழுதுகொண்டு சுவரோட சாய்ஞ்சு நிப்பாள், பக்கத்தில ஒரு இருட்டு வாசல். அந்த முகமூடிக்கு ஒரு சின்ன லைற்றை மெல்ல மெல்லக் கூட்டித்தான் ஒளிப்பதிவாளர் கண்டி அதை இருட்டுக்குள்ளால வெளிய கொண்டுவந்தவர். ரீவியில வெளிச்சம் கூடவெண்டால் வெள்ளை முகம் முன்னமே தெரிஞ்சிடும், காட்சி பாழாப் போம். யன்னல் சீலையையும் இழுத்துவிடு. பாத்திட்டு எழுது.

அன்புடன்,
உன்ரை மச்சான்