மகளின் விமான டிக்கெட் பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எதில் சேருவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப விமான டிக்கெட்டை மலிவாகவும் சிக்கலில்லாமலும் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் மலிவு, பிரவுசர் சேமித்து வைக்கும் குக்கீயை அழித்துவிட்டுத் தேடினால் மலிவு என்றெல்லாம் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடு. ஒரே எகானமி வகுப்புக்குள் பல கட்டணப் படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. கீழ்ப்படி சீட்டுகள் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை வந்துவிடும். கூடப் போய் விட்டுவரலாம் என்று நீ இருவருக்குச் சேர்த்துத் தேடினால், கீழ்ப்படியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருக்கும்போது இருவருக்குமே மேல்படி விலையைத்தான் காட்டும். ஓர் ஆளுக்கு மட்டும் தனியாகத் தேடிப் பார், வித்தியாசம் தெரியும்.

விசா கைக்கு வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதே. விலை ஏறிவிடுமே என்று பயமாக இருந்தால் தேதி மாற்றக்கூடியதாக எடு. ஆனால் ‘மாற்றுக் கட்டணம் இல்லை’ என்றால் அபராதம் இல்லை என்றுதான் பொருள். புது தேதியின் விலை அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத்தை நீதான் கட்ட வேண்டும். அமெரிக்கா என்றால் இன்னொன்று: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விட மாட்டார்கள். விலை குறைவு என்று ஒன்றரை மாதம் முன்னதாகவே எடுத்துவிடாதே.

மாணவர் கட்டணத்தை விமான நிறுவனங்களின் சொந்தத் தளத்திலேயே பார். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவை தருகின்றன. டிக்கெட் விலை பெரிதாகக் குறையாது. லாபமெல்லாம் கூடுதல் லக்கேஜிலும் தேதி மாற்றத்திலும்தான். அதனால் ஒப்பிடும்போது பெட்டிக்கான பணத்தையும் சேர்த்துக் கூட்டு. வட அமெரிக்காவுக்குப் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு, ஒரு பெட்டி 23 கிலோ; மற்ற பல வழிகளில் மொத்த எடைக் கணக்கு. மிக மலிவான கட்டணத்தில் ஒரு பெட்டிகூட இல்லாமல் போகலாம். எடைக் கணக்கானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. கூடுதல் லக்கேஜ் வேண்டுமென்றால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடு. கவுன்டரில் கேட்கும் தொகை வயிற்றைக் கலக்கும். மாணவர் அட்டையோ சேர்க்கைக் கடிதமோ அவள் கையிலேயே இருக்கட்டும், செக்-இன்னில் கேட்பார்கள்.

தேடல் தளங்கள் சில நேரம் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணமாகக் காட்டும். விலை ஆசை காட்டும், மாட்டிக்கொள்வது அங்கேதான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவுக் குறியீடு) எடு. அப்போதும் சில நாடுகள் சில பாஸ்போர்ட்டுகளுக்கு, வழியில் விமானம் மாறுவதற்கே ட்ரான்சிட் விசா கேட்கும். பிரிட்டன் வழியோ, ஒரே விசா முறை உள்ள ஷெங்கன் ஐரோப்பிய நாடுகள் வழியோ என்றால் அவசியம் பார்த்துக்கொள். அமெரிக்காவிலோ, பெரும்பாலும் இறங்கும் முதல் விமான நிலையத்திலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டவே வேண்டாம்.

ஒருவழி டிக்கெட்டைவிடப் போகவர எடுப்பது மலிவாக இருப்பதும் உண்டு, இரண்டையும் பார். திரும்பும் பயணத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. போகும் விமானத்தைத் தவறவிட்டால் மீதி அத்தனையும் ரத்தாகிவிடும்.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், எப்படி நிரப்புவது என்று அந்த நிறுவனத்திடமே கேட்டுக்கொண்டு பணம் கட்டு.

ஏஜென்ட்டிடம் எடுத்தால், பணம் கட்டியதும் இ-டிக்கெட் எண் கேள். ஆறு எழுத்து பி.என்.ஆர். வெறும் முன்பதிவுதான். 13 இலக்க எண் வந்தால்தான் டிக்கெட் போட்டாயிற்று என்று அர்த்தம். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு: எமிரேட்ஸுக்கு 176, கத்தாருக்கு 157. அது வராமல் பி.என்.ஆர். மட்டும் கையில் இருந்தால், கெடு தாண்டியதும் முன்பதிவு தானாகவே ரத்தாகிவிடும். நிறுவனத்தின் தளத்தில் நீயே ஒருமுறை சரிபார். அமெரிக்கப் பயணத்தை, புறப்பட ஒரு வாரத்துக்கு முன்னதாக நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் விலையை நிறுத்தி வைக்கவோ வழி தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பெரும்பாலும் முதலாவதைத்தான் தருவார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவானதும், வகுப்பு தொடங்கும் தேதியையும் இறங்கும் ஊரையும் எழுது. பக்கத்து நகர விமான நிலையங்களையும் சேர்த்துத் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்